நாற்காலி ஆறல்ல, ஐந்து

பல்கலைக்கழகச் செய்தி இதழின் மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், தங்கள் அலுவலகத்தில் எழுத்துக் கோக்கும் பிள்ளைகளும் நலமாக இருக்க விழைகிறேன். தங்களை ஐயா என்று அழைக்கலாம் என்றிருக்கிறேன். அம்மையாராக இருப்பின் அவ்வாறே திருத்திப் படித்துக்கொள்ளவும். நான் தங்கள் பல்கலைக்கழகத்தில் படித்தவன் இல்லை. அதன் வாசலைப் பேருந்து சன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அரசு அச்சகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் குடியிருப்பின் நான்காம் மாடியில் தனியாக வசிக்கிறேன்.

தங்கள் இதழுக்கு நான் சந்தா கட்டியவனும் இல்லை. மூன்றாம் மாடியில் இருக்கும் தையல்கார அம்மாளிடம் யாரோ தைக்கக் கொடுத்த துணியைச் சுற்றிக்கொண்டு அது வந்தது. அந்த அம்மாள் படி ஏறி வந்து, "பெரியவரே, நம்ம பொண்ணு விஷயம் அச்சுல வந்திருக்கு, பாருங்க" என்று கொடுத்தார். படித்தேன். கண் கலங்கியது. அதற்குப் பிறகு இன்னொரு முறை படித்தேன். கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது.

செய்தி இதுதான்: "நகரின் பழைய குடியிருப்பு ஒன்றில், நடக்க இயலாத முதியோருக்காக நிழலான இடங்களில் ஆறு இருக்கைகளை அமைத்துக் கொடுத்த மூன்றாம் ஆண்டு மாணவருக்கு, இவ்வாண்டின் சமூகச் சேவைக்கான பதக்கம் வழங்கப்பட்டது. சக மாணவர்களைத் திரட்டி ஒரே வாரத்தில் இப்பணியை அவர் செய்து முடித்தார். விருது பெற்றோரின் பெயர்ப் பட்டியல் அடுத்த இதழில்."

ஐயா, முதலில் நன்றி. பதக்கம் கொடுத்த பல்கலைக்கழகத்துக்கும், அதைச் செய்தியாக மதித்த தங்களுக்கும் எங்கள் குடியிருப்பின் பதினான்கு வீட்டார் சார்பிலும் மனமார்ந்த நன்றி. ஆனால் இந்தச் சிறு செய்தியில் ஆறு பிழைகள் இருக்கின்றன. பெயர்ப் பட்டியல் அடுத்த இதழில் வரும்போது அவற்றையும் திருத்தி வெளியிட்டால் நல்லது என்பதால் நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். சுருக்கமாகத்தான் எழுதுவேன்.

முதல் பிழை, மாணவர் இல்லை, மாணவி. அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததே ஒரு பிழையால்தான். வெளியூரில் இருக்கும் என் மகள், அப்பா தனியாகக் கிடக்கிறாரே என்று கவலைப்பட்டு, தங்கள் பல்கலைக்கழகத்தின் தொண்டுப் பிரிவில் என் பெயரைப் பதிந்திருக்கிறாள். எந்தக் கட்டத்தில் குறி போடுவது என்று தெரியாமல் "பார்வை குறைந்தவர்" என்ற கட்டத்தில் போட்டுவிட்டாள். எனக்கா பார்வைக் குறைவு? அடுத்த அறையில் விரித்து வைத்த தாளில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தால் இங்கிருந்து சொல்வேன். ஆனால் இது எதுவும் தெரியாமல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டி, வியர்வை வழிய நின்றுகொண்டு, "சார், உங்களுக்குப் பேப்பர் படிச்சுக் காட்ட வந்திருக்கேன். நான் மொத்தம் நாற்பது மணி நேரம் சேவை செய்யணும். முதல்ல ஒரு டம்ளர் தண்ணி கிடைக்குமா?" என்றாள். அன்றிலிருந்து எங்கள் குடியிருப்பில் அவள் பெயர் நாற்பது மணி.

படிக்க உட்கார்ந்தாள். 'மழலைப் பள்ளி' என்று வந்ததை 'மலலைப் பல்லி' என்று படித்தாள். திருத்தினேன். அடுத்த வரியிலும் திருத்தினேன். தலைப்புச் செய்தி முடிவதற்குள் ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது. இப்படி நான்கு செவ்வாய்க்கிழமைகள் போயின. ஐந்தாவது வாரம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "சார், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? நான் தப்பாப் படிக்கிறதை நீங்க அங்க உக்காந்துக்கிட்டே பேப்பரைப் பார்த்துத்தானே திருத்துறீங்க?" என்றாள். நான் கூரையைப் பார்த்தேன். "அப்ப நான் எதுக்கு சார் வர்றேன்?" என்றாள். நியாயமான கேள்வி. அதற்கு உண்மையான பதில், நீ வந்தால் பேச்சுத் துணையாக இருக்கிறது என்பது. அதை என் வாயால் சொல்வேனா? "உன் ழகரம் சரியாகட்டும்" என்றேன்.

அவள் விடவில்லை. "கடைசியா எப்ப சார் கீழ போனீங்க?" என்று கேட்டாள். லிஃப்ட் நின்ற அன்று என்றேன். லிஃப்ட் எப்போது நின்றது என்றாள். பதினோரு மாதம் ஆகிறது என்றேன். அவள் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தாள். இங்கேதான் ஐயா தங்களுடைய இரண்டாவது பிழை வருகிறது. "நடக்க இயலாத முதியோர்" என்று போட்டிருக்கிறீர்கள். என்னால் நடக்க முடியும். எனக்கு முட்டி வலி உண்டுதான், இறங்கி ஏறினால் இரண்டு நாள் படுத்துவிடும்தான். என்றாலும் உண்மையைச் சொன்னால், கீழே இறங்கிப் போய்ப் பார்க்க யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு "இயலாத" என்பது சரியான சொல் இல்லை. சரியான சொல் எனக்கும் கிடைக்கவில்லை. கிடைத்தால் எழுதி அனுப்புகிறேன்.

நாற்காலி யோசனை வந்தது என்னால் அல்ல. ஐந்தாம் மாடியில் ஒரு டீச்சர் இருக்கிறார். ஓய்வு பெற்றவர், தனியாள். வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டாக வேண்டும். ஒருநாள் நாற்பது மணி என் வீட்டிலிருந்து இறங்கிப் போகும்போது, மூன்றாம் மாடியில் அந்த அம்மா மருத்துவக் கோப்பைத் தரையில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள்.

"என்ன டீச்சர், இங்க உக்காந்திருக்கீங்க? விழுந்துட்டீங்களா?"

"விழலம்மா. இது என்னோட ரெண்டாவது ஸ்டாப்பிங். இன்னும் ரெண்டு இருக்கு. வண்டிக்காரருக்குப் பழகிடுச்சு, கீழ தூங்கிக்கிட்டிருப்பார்."

அவ்வளவுதான். அந்தப் பெண் அன்று வகுப்புக்குப் போகவில்லை. தையல்கார அம்மாளிடம் அளவு நாடாவை இரவல் வாங்கி, ஒவ்வொரு மாடியின் படித்தளத்தையும் அளந்து, மூலையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டாள். மறுநாள் தீயணைப்பு நிலையத்துக்கே போய், இந்த மூலையில் ஒரு நாற்காலியைச் சுவரோடு பிணைத்து வைத்தால் ஆட்கள் இறங்க இடைஞ்சல் உண்டா என்று கேட்டு, இல்லை என்று எழுதி வாங்கி வந்தாள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அவளுடைய பையில் அந்தத் தாள் இருந்ததே பிறகுதான் தெரிந்தது.

அதன்பின் வீடு வீடாகப் போய், உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் நாற்காலி ஒன்று வேண்டும் என்று கேட்டாள். ஆகவே "அமைத்துக் கொடுத்தார்" என்று தாங்கள் போட்டிருப்பதை "கேட்டு வாங்கினார்" என்று திருத்த வேண்டும். தையல்கார அம்மாள் கைவைத்த மரநாற்காலி ஒன்றைக் கொடுத்தார். டீச்சர் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்த மாதிரியான ஒன்று. முதல் மாடிக்காரர் கொடுத்த நாற்காலிக்கு மூன்றரைக் கால். அச்சகத்தில் எனக்குப் பிரிவுபசாரமாகக் கொடுத்த சுழல் நாற்காலியை நான் கொடுத்தேன். அது எப்போதும் இடது பக்கம் சாயும். அதில் உட்கார்ந்தால் பக்கத்தில் யாரோ இரகசியம் சொல்வதைக் கேட்பது போலத் தோன்றும். இவை மூன்று. இன்னும் இரண்டு. ஆக ஐந்து. ஆறு அல்ல. மாடிக்கு ஒன்று வீதம் ஐந்து மாடிக்கு ஐந்துதான் வரும் என்பதைத் தங்கள் அலுவலகத்தில் யாராவது விரல் விட்டு எண்ணிப் பார்த்திருக்கலாம்.

"நிழலான இடங்களில்" என்று ஒரு சொல் சேர்த்திருக்கிறீர்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது படிக்கட்டு ஐயா. முழுவதுமே நிழல்தான். பல்புகள் எரியாமல் போய் மூன்று மாதம். அந்த இருட்டில் தையல்கார அம்மாள் தன் நாற்காலி மெத்தையில் ஊசி ஒன்றை மறந்து விட்டிருந்தார். நான் முதன்முதலாக ஒரு மாடி இறங்கிப் பார்க்கலாம் என்று துணிந்து போய் உட்கார்ந்தது அந்த நாற்காலியில்தான். நான் எழுந்த வேகத்தைப் பார்த்து நாற்பது மணி, "சார், உங்க முட்டி நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

எனக்கும் அந்த அம்மாளுக்கும் ஒன்பது ஆண்டுகளாகப் பேச்சு கிடையாது. என் குளியலறையிலிருந்து அவர் வீட்டுத் தையல் இயந்திரத்தின் மேல் தண்ணீர் சொட்டுகிறது என்பது அவர் கட்சி. சொட்டவில்லை என்பது என் கட்சி. ஊசி விஷயத்துக்காக மன்னிப்புக் கேட்க வந்தவர், வந்த வாக்கில் தண்ணீர் விஷயத்தையும் எடுத்தார். நானும் விடவில்லை. படிக்கட்டில் பெரிய சண்டை. பல்பு மாட்ட வந்திருந்த அவளுடைய வகுப்புத் தோழன் ஒருவன் ஏணி மேல் நின்றபடியே, "சார், மேடம், ஒரு நிமிஷம். தண்ணி உள்ள இருந்து வரல. வெளிச் சுவர்ல போற பொதுக் குழாய் வெடிச்சிருக்கு, இந்த மேல் ஓட்டை வழியாப் பார்த்தா தெரியுது" என்றான். ஒன்பது ஆண்டுச் சண்டை பல்பு மாட்டும் நேரத்தில் முடிந்துபோனது. எங்கள் இருவருக்குமே கொஞ்சம் வருத்தம்தான். அன்றிலிருந்து அந்த அம்மாள் எனக்கு நாலு மணி டீ கொடுக்கிறார்.

இப்போது செயலாளர் வருகிறார். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் தரைத்தளத்தில் இருக்கிறார். லிஃப்ட் நின்று பதினோரு மாதம் ஆனதை அவர் எவ்வளவு அமைதியாக எடுத்துக்கொண்டார் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. நாற்காலிகள் வந்த மறுவாரம் காவல்காரரை விட்டு மாடிக்கு மாடி அறிவிப்பு ஒட்டவைத்தார்: "படிக்கட்டில் தட்டுமுட்டுச் சாமான்கள் வைப்பது தடை செய்யப்பட்டுள்ளது." அதில் ஓர் ஒற்றுப்பிழை இருந்தது. திருத்தி விட்டேன். அதற்குக் கோபம் வந்து, ஞாயிற்றுக்கிழமை காலை, காவல்காரரைக் கூட்டிக்கொண்டு, "மேல இருந்து ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டு இறங்குவோம்" என்று கிளம்பிவிட்டார். பெரிய உடம்பு. முதல் மாடி வரை பேசிக்கொண்டே வந்தார். இரண்டாம் மாடியில் பேச்சு நின்றது. மூன்றாம் மாடியில் மூச்சு நிற்கப் பார்த்தது. தையல்கார அம்மாளின் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். இந்த முறை ஊசி இல்லை.

நாற்பது மணி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். விசிறினாள். நானும் டீச்சரும் மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் சிரிக்கவே இல்லை; நாங்கள்தான் சிரித்தோம். அவர் கொஞ்சம் தெளிந்ததும் தீயணைப்பு நிலையத் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்து, "சார், உங்ககிட்ட முதல்லயே கேட்டிருக்கணும். என் தப்புதான். நீங்க செயலாளர், நீங்களே திறந்து வச்சா நல்லாருக்கும்" என்றாள். செயலாளர் நாற்காலியை ஒரு முறை தடவிப் பார்த்தார். "இது யார் வீட்டு நாற்காலி? நல்லா இருக்கே" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து நாற்காலிகளுக்கும் ரிப்பன் கட்டி அவரே வெட்டினார். ஐந்தாவது மாடிக்கு மட்டும் கத்தரிக்கோலை அனுப்பி வைத்தார்.

ஐயா, சிரிக்கும்படியான பகுதி இத்தோடு முடிகிறது. இதற்கு மேல் நடந்ததற்காகத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

ஒரு வியாழக்கிழமை மதியம். நாற்பது மணி டீச்சரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். நான்காம் மாடியில் என் நாற்காலியில் சற்று உட்கார்ந்து என்னை வழக்கம்போல அதட்டிவிட்டுத்தான் டீச்சர் போனார். மூன்றாம் மாடியில் உட்கார்ந்தவர் எழவில்லை. "டீச்சர், டீச்சர்" என்று அவள் கூப்பிடும் சத்தம் கேட்டு நான் எட்டிப் பார்த்தேன். டீச்சரின் தலை தொங்கியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. தையல்கார அம்மாள் அழ ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். பிறகு ஆளாளுக்கு வேலை சொன்னாள். "அக்கா, அழாதீங்க, நீளமா ஒரு துணி வேணும், நாற்காலியோட சேர்த்துக் கட்டணும்." அந்த அம்மாள் கையில் அகப்பட்ட புதுத் துணியைக் கிழித்தார், யாருடைய துணி என்று பார்க்கவில்லை. முதல் மாடியில் மீதிப் பல்புகளை மாட்டிக்கொண்டிருந்த வகுப்புத் தோழர்கள் இருவரையும் கத்திக் கூப்பிட்டாள். செயலாளரை போனில் அழைத்து, வண்டியைப் படிக்கட்டுப் பக்கமே திருப்பி நிறுத்தச் சொல்லி, ஆஸ்பத்திரிக்கும் தகவல் சொல்லச் சொன்னாள். சுவரோடு பிணைத்த கம்பியைக் கழற்றி, நாற்காலியோடு டீச்சரைத் தூக்கினார்கள். அப்போது என் பக்கம் திரும்பி, "சார், தூக்குறவங்களுக்குக் கால் தெரியாது. நீங்க முன்னாடி இறங்கிக்கிட்டே படியை எண்ணிச் சொல்லுங்க. எண்ணிக்கை தப்பக் கூடாது" என்றாள்.

எண்ணினேன் ஐயா. ஒன்று, இரண்டு, மூன்று. திருப்பம். மறுபடியும் ஒன்று, இரண்டு. என் முப்பத்தாறு ஆண்டு வேலையில் அவ்வளவு கவனமாக எதையும் பார்த்தது கிடையாது. டீச்சரின் மருத்துவக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பின்பக்கமாகவே இறங்கி, கடைசிப் படி என்று சொல்லி நிமிர்ந்தால் முகத்தில் வெயில் அடிக்கிறது. வண்டி போய்விட்டது. நான் தெருவில் நிற்கிறேன். எதிர்ப்பக்கம் மருந்துக் கடை இருந்த இடத்தில் இப்போது செருப்புக் கடை இருக்கிறது. அதன்பிறகுதான் எனக்கு முட்டி என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது.

டீச்சர் பிழைத்துக்கொண்டார். இரத்தத்தில் உப்பு ஏறிவிட்டதாம். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்று தொடங்கிய டாக்டர், அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நாங்களும் முடிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. டீச்சர் இப்போது வீட்டில் இருக்கிறார். பழையபடி எல்லோரையும் அதட்டுகிறார். கிழிந்த துணிக்குச் சொந்தக்காரி வந்து சத்தம் போட ஆரம்பித்தாள். விஷயத்தைக் கேட்டதும், மீதித் துணியில் குழந்தைக்குச் சட்டை தைத்தால் போதும் என்று சொல்லிவிட்டாள். அன்று நான் மேலே ஏறி வர நாற்பது நிமிடம் ஆனது. முதல் மாடியில் மூன்றரைக் கால் நாற்காலியில் உட்கார்ந்தபோது அந்த வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "சார், நீங்க இந்தக் கட்டடத்துலதான் இருக்கீங்களா?" என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன். பேசிக்கொண்டிருந்தோம்.

ஆகவே "ஒரே வாரத்தில் செய்து முடித்தார்" என்பதுதான் இருப்பதிலேயே பெரிய பிழை. ஐந்து மாதம் ஆனது. இன்னும் முடியவில்லை. லிஃப்டுக்காக அவள் வரைந்து கொடுத்த மனுவில் இப்போது பதினான்கு வீட்டாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். முதல் கையெழுத்து செயலாளருடையது. இதுபோன்ற பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பதக்கம் கொடுக்கும் பல்கலைக்கழகம் நீடூழி வாழ வேண்டும். அவளை அடையாளம் கண்டுகொண்ட தங்கள் தேர்வுக் குழுவின் கண்களுக்கு என் கண்களைவிடக் கூர்மை அதிகம் என்று ஒப்புக்கொள்கிறேன். இதை நான் யாரிடமும் சுலபமாகச் சொல்லிவிடுபவன் இல்லை.

தாங்களும் தங்களைச் சேர்ந்தவர்களும் ஏறும் படியெல்லாம் மூச்சு வாங்காமல் ஏறவும், தங்கள் இதழ் பிழையின்றிப் பல்லாண்டு வெளிவரவும் வாழ்த்தி அமைகிறேன்.

இப்படிக்கு,
நன்றியுள்ள,
நான்காம் மாடிக்காரர்
(பிழை திருத்துபவர், ஓய்வு)

பின்குறிப்பு: ஐயா, ஒரு சங்கடம். தபாலில் போடச் சொல்லி இந்தக் கடிதத்தை நாற்பது மணியிடமே கொடுத்தேன். ஒட்டுவதற்கு முன் படித்துப் பார்த்துவிட்டாள். "சார், இது நான் இல்ல" என்றாள். யார் என்றேன். "எங்க கல்லூரிப் பையன் ஒருத்தன். ஏரிக்கரைப் பக்கத்துக் குடியிருப்புல, மரத்தடியில ஆறு பெஞ்சு போட்டான். ஒரே வாரம்தான். நல்ல வேலை சார். நானும் போய் ரெண்டு பெஞ்சுக்குப் பெயின்ட் அடிச்சேன்" என்றாள். ஆகத் தங்கள் செய்தியில் பிழையே இல்லை. மாணவர் சரி. ஆறு சரி. நிழல் சரி. என் திருத்தங்கள் அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்தப் பையனுக்கு என் வாழ்த்துகள்.

நீ ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டேன். "படிவம் கொடுக்கக் கடைசி நாள் அந்த வியாழக்கிழமை சார். பையிலதான் இருந்துச்சு. ஆஸ்பத்திரியில டீச்சருக்கு விசிறிக்கிட்டே உக்காந்திருந்தேன்ல, அந்தத் தாள்தான் அது" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தக் கடிதத்தை அனுப்பவே கூடாது, மானம் போய்விடும் என்று சொல்லி மேசை மேல் வைத்துவிட்டு, டீச்சரைக் கூட்டி வர மேலே போயிருக்கிறாள். டீச்சர் கிளம்பி, ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து கீழே வந்து சேர எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் தெருமுனைத் தபால் பெட்டி வரை நான் போய்விட்டு வாசலுக்கு வந்துவிடுவேன்.